ஓட்டானிக்கு இரண்டு வேலை கிடைத்தது எப்படி?

2025 அக்டோபர் 17. அமெரிக்க பேஸ்பாலில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கும் மில்வாக்கி ப்ரூவர்ஸுக்கும் இடையே நேஷனல் லீக் இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம். டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானி, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் பந்து வீசி மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். தொப்பியைக் கழற்றி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தன் அணியின் முதல் பேட்டராக வந்து ஹோம் ரன் அடித்தார், நம் சிக்ஸர் போல. நான்காவது இன்னிங்ஸில் இன்னொன்று. அது 469 அடி, அதாவது சுமார் 143 மீட்டர் பறந்து, கேலரியின் கூரைக்கு மேலே போய் மைதானத்துக்கு வெளியே விழுந்தது. ஏழாவதில் மூன்றாவது. நடுவே பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, ஆறு இன்னிங்ஸ், பத்து ஸ்ட்ரைக் அவுட். ஒரு ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தியில் ஒரு நெருடல் வரும். பந்தும் போட்டார், பேட்டும் பிடித்தார். கபில் தேவ் செய்ததுதானே? ஜடேஜா இன்றைக்கும் செய்வதுதானே? இதற்குப் போய் 'நூறு வருடமாக இப்படி ஒருவர் இல்லை' என்றெல்லாம் ஏன் சொல்கிறார்கள்?

குழப்பம் நியாயமானதுதான். பேஸ்பாலில் ஆல்ரவுண்டர் என்ற வேலையே இல்லாமல் போயிருந்தது. ஓட்டானிக்குத் திறமை இருந்தது என்பது பாதிக் கதை. அந்த வேலையை ஒருவருக்குத் தரலாம் என்று ஓர் அணி நிர்வாகம் முடிவெடுத்தது மீதிப் பாதி. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

பிட்சர் வேறு, பவுலர் வேறு

கிரிக்கெட்டில் பவுலரும் பேட் பிடித்தே ஆக வேண்டும், பதினொன்றாவது ஆளாகவாவது. அதனால் எல்லாப் பவுலர்களும் வலைப்பயிற்சியில் கொஞ்சம் பேட்டிங்கும் செய்வார்கள். பேஸ்பாலில் அந்தக் கட்டாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோனது. காரணங்கள் மூன்று.

1. உடம்பு. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரு நாளில் 90, 100 பந்து வீசுவார். நம் கணக்கில் பதினைந்து, பதினாறு ஓவர். கிரிக்கெட்டில் முழங்கையை நீட்டியபடி வீச வேண்டும். இங்கே மடக்கி, சாட்டையைச் சுண்டுவதுபோல் வீசுவார்கள். ஓடி வருகிற வேகமும் கிடையாது, நின்ற இடத்திலிருந்துதான் மணிக்கு 150, 160 கி.மீ. அத்தனை இழுவையும் முழங்கையின் உட்பக்கத் தசைநார் ஒன்றின் மேல் விழுகிறது. வீசி முடித்தவர் அடுத்த நான்கு நாளாவது மறுபடி வீச முடியாது.

2. நாட்காட்டி. அமெரிக்கப் பெரிய லீகான எம்எல்பியில் ஓர் அணி ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. பேட்டருக்கு ஏறக்குறைய தினமும் வேலை. பிட்சருக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை. ஒருவரின் ஓய்வு நாள் இன்னொருவரின் வேலை நாள்.

3. விதி. எம்எல்பியில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவு. அமெரிக்கன் லீக் 1973இல் 'டிஎச்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிட்சருக்குப் பதிலாக பேட் மட்டும் பிடிக்க ஓர் ஆள். ஜப்பானின் பசிபிக் லீக் 1975இல் அதையே எடுத்துக்கொண்டது. நேஷனல் லீக் மட்டும் பிடிவாதமாகப் பல வருடம் பிட்சர்களை பேட் பிடிக்க வைத்தது. பத்து முறை முயன்றால் ஒரு ஹிட் (அடித்துவிட்டு ஓடி, பேஸ் என்ற நிலையை எட்டுவது) என்ற நிலையில்தான் அவர்கள் இருந்தார்கள். 2022இல் அங்கேயும் டிஎச் வந்துவிட்டது.

இரண்டையும் உயர்தரத்தில் செய்தவர் என்றால் எல்லோரும் பேப் ரூத் பெயரைச் சொல்வார்கள். 1918இல் பாஸ்டன் அணிக்காக பிட்சராக 13 வெற்றி (அணி ஜெயித்த ஆட்டத்தில் பிட்சர் பெயரில் எழுதப்படுவது), பேட்டராக 11 ஹோம் ரன். அந்தக் காலத்துக்கு 11 என்பதே லீகில் முதலிடம். ஆனால் அவரும் 1920இல் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனதும் பந்து வீசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் பள்ளியில் இரண்டிலும் கெட்டிக்காரனாக இருந்த பையன்கள் வராமலா இருந்தார்கள்? ஏராளமாக வந்தார்கள். பதினெட்டு வயதில் "பந்தா, பேட்டா, ஒன்றைத் தேர்ந்தெடு" என்ற கேள்வி வரும். தேர்ந்தெடுப்பார்கள். அதோடு மற்றது போயிற்று.

மிசுசாவாவின் கடைக்குட்டி

ஓட்டானி பிறந்தது 1994 ஜூலை 5, ஜப்பானின் வடகிழக்கில் இவாத்தே மாகாணத்தின் மிசுசாவாவில். இன்றைக்கு அது ஓஷு நகரத்தின் ஒரு பகுதி. பனி கொட்டும் வட்டாரம் என்பதால் குளிர்காலத்தில் திறந்த மைதானத்தில் பயிற்சி செய்வது கடினம். பள்ளி பேஸ்பாலின் உச்சமான கோடைக்கால கோஷியன் பட்டத்தை இந்த வடகிழக்குப் பகுதியிலிருந்து எந்தப் பள்ளியும் 2022 வரை வென்றதே இல்லை. அதாவது, பெரிய ஆட்டக்காரர்கள் வரிசையாக வருகிற ஊர் இல்லை அது.

அப்பா தோரு கார் தொழிற்சாலைத் தொழிலாளி. ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை வைத்தே பேஸ்பால் அணி நடத்தும். அப்படிப்பட்ட அணியில் ஆடியவர். அம்மா கயோகோ பேட்மின்டன் வீராங்கனை. ஓர் அண்ணன், ஓர் அக்கா, அப்புறம் ஷோஹெய்.

சிறுவர் அணியில் அப்பாவே பயிற்சியாளர். வீட்டில் இருவருக்கும் பொதுவாக ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் மகன் தான் செய்ததை எழுதுவான், அப்பா அதற்குக் கீழே தன் கருத்தை எழுதுவார். அதில் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது மூன்றே விஷயம்: சத்தமாகக் குரல் கொடு, பந்தை எறிந்து பிடிக்கும் பயிற்சியை ஏனோதானோவென்று செய்யாதே, முழு வேகத்தில் ஓடு. பேட்டிங் நுணுக்கமோ பந்துவீச்சு ரகசியமோ அதில் இல்லை.

வலது கையால் எறிகிற பையனை இடது பக்கம் நின்று பேட் பிடிக்கப் பழக்கியதும் அப்பாதான். இடது பக்கம் நிற்பவருக்கு முதல் பேஸ் இரண்டு எட்டு அருகில். பிட்சர்களில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள் என்பதால் பந்தைப் பார்க்கவும் வசதி.

81 கட்டங்கள், பேட்டிங்குக்கு ஒன்றுகூட இல்லை

உயர்நிலைப் பள்ளிக்கு அவர் போனது ஹனமாகி ஹிகாஷி. மூன்று வருடம் மூத்தவரான யுசேய் கிகுச்சி அங்கே படித்து, 2009இல் தொழில்முறை அணிகள் போட்டிபோட்டுக் கேட்ட பிட்சராக வெளியேறியிருந்தார். பயிற்சியாளர் ஹிரோஷி சசாகி புதிதாகச் சேரும் பையன்களிடம் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார். ஒன்பதுக்கு ஒன்பது, மொத்தம் 81 கட்டம். நட்டநடுவில் ஒரே குறிக்கோள். அதைச் சுற்றி அதற்குத் தேவையான எட்டு விஷயங்கள். அந்த எட்டில் ஒவ்வொன்றையும் அடைய இன்னும் எட்டெட்டு.

ஓட்டானி நடுக்கட்டத்தில் எழுதியது: எட்டு அணிகள் என்னை முதல் தேர்வாகக் கேட்க வேண்டும். ஜப்பானில் வருடந்தோறும் தொழில்முறை அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரே ஆளைப் பல அணிகள் முதல் தேர்வாகக் கேட்டால் குலுக்கல் போடுவார்கள். எட்டு அணிகள் கேட்பது அதுவரை இருந்த உச்சம். சுற்றியிருந்த எட்டில் ஒன்று '160 கி.மீ. வேகம்'. சாப்பாட்டுக் கட்டத்தில் 'இரவு 7 கிண்ணம், காலை 3 கிண்ணம்' சோறு. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்த பையன் எடை போட வேண்டியிருந்தது. 'அதிர்ஷ்டம்' என்ற தலைப்பின் கீழே குப்பை பொறுக்குவது, அறையைச் சுத்தம் செய்வது, அம்பயர்களிடம் நடந்துகொள்ளும் விதம், புத்தகம் படிப்பது.

இந்தத் தாள் உலகம் முழுக்கப் பிரபலம். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். ஆனால் அவர்கள் கண்ணில் படாத ஒன்று உண்டு. எட்டுத் தலைப்புகள்: உடற்கட்டு, கட்டுப்பாடு, பந்தின் கூர்மை, வேகம், வளையும் பந்துகள், மனஉறுதி, குணம், அதிர்ஷ்டம். பேட்டிங் எங்கே? இல்லை. உலகத்தின் மிகப் பெரிய ஹோம் ரன் அடிப்பவர்களில் ஒருவர், அந்த வயதில் தன் எதிர்காலத்தை வரைந்தபோது பேட்டுக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை.

பேட் பக்கம் அவரைத் தள்ளியதில் ஒரு காயத்துக்கும் பங்கு உண்டு. 2011இல் இடது இடுப்பில், வளர்கிற வயதில் எலும்பு நீளும் பகுதியில் அடிபட்டது. பல மாதம் பந்து வீச முடியவில்லை. சும்மா இருக்க முடியாதே, பேட்டிங்கில் நேரம் செலவழித்தார். 2012 வசந்தகால கோஷியனில் ஒசாகா தோயின் பள்ளியின் ஷிந்தாரோ ஃபுஜினாமியை ஹோம் ரன் அடித்தார். பிட்சராக அதே ஆட்டத்தில் தடுமாறினார், அணி தோற்றது. அந்த ஜூலையில் மாகாண அரையிறுதியில் 160 கி.மீ. வேகத்தைத் தொட்டார். ஜப்பானியப் பள்ளி மாணவர் யாரும் அதுவரை எட்டாத வேகம். கட்டம் நிறைவேறிவிட்டது, ஆனால் அடுத்து வந்த இறுதியாட்டத்தில் தோற்று, கடைசி கோஷியன் கைநழுவியது. கோஷியனில் அவருடைய பள்ளி அவர் காலத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

2012 அக்டோபர்: "வேண்டாம்" என்ற பையனைத் தேர்ந்தெடுத்த அணி

அக்டோபர் 21ஆம் தேதி ஓட்டானி நிருபர்களைக் கூட்டி, ஜப்பானில் ஆடப்போவதில்லை, நேராக அமெரிக்கா போகிறேன் என்று அறிவித்தார். இதனால் மற்ற அணிகள் ஒதுங்கிக்கொண்டன. கையெழுத்துப் போடாத ஆளுக்காக முதல் தேர்வை யார் வீணாக்குவார்கள்? நான்கு நாள் கழித்து நடந்த டிராஃப்டில் ஹொக்கைடோவின் நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ் மட்டும் அவர் பெயரைச் சொன்னது. எட்டு அணிகள் கேட்கும் என்று எழுதிய பையனைக் கேட்டது ஒரே ஓர் அணி.

அப்புறம் ஃபைட்டர்ஸ் செய்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். 30 பக்கம் அளவில் ஓர் ஆவணம் தயாரித்து ஓட்டானி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 'ஓட்டானி ஷோஹெய், கனவுக்கு வழிகாட்டி' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. பள்ளி முடித்ததும் வெளிநாடு போன விளையாட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள், தென் கொரியாவிலிருந்து அப்படிப் போன பையன்களில் எத்தனை பேர் கீழ்நிலை லீகுகளிலேயே தேங்கினார்கள் என்று தகவல்களை அடுக்கியிருந்தார்கள். "போகாதே" என்று எங்கும் சொல்லவில்லை. "போ, ஆனால் இந்த வழியாகப் போ" என்றார்கள்.

கூடவே மேலாளர் ஹிதேக்கி குரியாமா ஒரு வாய்ப்பை வைத்தார்: பந்தும் வீசு, பேட்டும் பிடி. அமெரிக்க அணிகள் அவரை பிட்சராகத்தான் பார்த்திருந்தன. இரண்டையும் செய்யலாம் என்று சொன்னது ஃபைட்டர்ஸ் தரப்புதான். டிசம்பர் 9ஆம் தேதி ஓட்டானி சம்மதம் சொன்னார். முன்பு நட்சத்திர பிட்சர் யு தர்விஷ் அணிந்திருந்த 11ஆம் எண் சட்டையைக் கொடுத்தார்கள்.

இதில் அணியின் சுயநலம் இல்லையா? இல்லாமல் என்ன. முதல் தேர்வை வீணாக்காமல் இருக்க ஒரு தூண்டில் வேண்டும், இது நல்ல தூண்டில். ஆனால் தூண்டிலாகப் போட்டதை அவர்கள் ஐந்து வருடம் நிஜமாகவே நடத்திக் காட்டினார்கள்.

சப்போரோவில் ஒரு வாரம்

ஃபைட்டர்ஸின் ஊர் சப்போரோ. ஜப்பானில் இது நடைமுறைக்கு வந்ததற்கு அங்கத்திய அட்டவணையும் காரணம். பொதுவாக திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. வாரத்துக்கு ஆறு ஆட்டம், அவற்றைத் தொடங்க ஆறு பிட்சர்கள். ஆகவே பிட்சருக்கு வாரத்துக்கு ஒரு முறைதான் முறை வரும். ஓட்டானி ஒரு நாள் பந்து வீசுவார், அதற்கு முன்னும் பின்னும் ஓய்வு, நடுவில் சில நாள் டிஎச்சாக பேட் பிடிப்பார். அமெரிக்காவின் ஐந்து நாள் சுழற்சியில் ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்காக இப்படி இடம் ஒதுக்கியிருப்பார்களா? எனக்குத் தோன்றவில்லை.

முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர் கேலி செய்தார்கள். 2013இல் அந்தக் கேலிக்கு இடமும் இருந்தது: பிட்சராக மூன்று வெற்றி, பேட்டராக மூன்று ஹோம் ரன். 2014இல் 11 வெற்றி, 10 ஹோம் ரன். இரண்டும் ஒரே வருடத்தில் இரட்டை இலக்கம் என்பது ஜப்பானிய லீகில் முதல் தடவை. 2016இல் 10 வெற்றி, 22 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .322, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 322 ஹிட். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரியாக 1.86. அந்த ஜூலை 3ஆம் தேதி ஃபுகுவோகாவில் நடந்த ஆட்டத்தில் குரியாமா அவரை பிட்சராகவும் முதல் பேட்டராகவும் இறக்கினார். ஆட்டத்தின் முதல் பந்தே ஹோம் ரன். அடித்துவிட்டு வந்து எட்டு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். லாஸ் ஏஞ்சலஸில் உலகம் பார்த்து அசந்ததற்கு இது ஒன்பது வருட முந்தைய ஒத்திகை. அக்டோபரில் 165 கி.மீ. வேகம், அந்த வருடப் பட்டம், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது எல்லாம் சேர்ந்தே வந்தன.

20 கோடியை விட்டு 23 லட்சத்துக்கு

2017 கடைசியில் அமெரிக்கா போனபோது அவருக்கு வயது 23. இங்கேதான் பலருக்கும் கணக்கு புரியாமல் போகிறது. எம்எல்பி விதிப்படி 25 வயதுக்குள் வருகிற வெளிநாட்டு ஆட்டக்காரர், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், புதுமுகம்தான். ஒவ்வோர் அணிக்கும் ஒதுக்கப்பட்ட சிறிய தொகையிலிருந்துதான் அவருக்குப் பணம் தர முடியும். இரண்டு வருடம் காத்திருந்தால் 20 கோடி டாலர் கிடைத்திருக்கும் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஓட்டானி காத்திருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸிடம் 23 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்குக் கையெழுத்திட்டார். அவரை விடுவித்ததற்காக ஃபைட்டர்ஸுக்கு மட்டும் 2 கோடி டாலர் போனது. முதல் வருடச் சம்பளம் லீகின் குறைந்தபட்சமான 5 லட்சத்து 45 ஆயிரம்.

விலை மலிவாக இருந்ததால் போட்டி அணிகளைப் பணம் வடிகட்டவில்லை. எந்த அணியாலும் பெரிய தொகையைக் காட்டி அவரை இழுக்க முடியாது. அப்படியானால் யார் இரண்டு வேலையையும் தருவார்கள் என்பதை வைத்து அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது.

முதல் வருடம் 22 ஹோம் ரன், சிறந்த புதுமுகம் விருது. கூடவே முழங்கைத் தசைநார் கிழிந்து, 2018 அக்டோபரில் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை: உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து முழங்கையில் பொருத்துவார்கள், மறுபடி வீச ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 2020இல் இரண்டே ஆட்டம் வீசி அதிலும் அடி வாங்கினார், பேட்டிங் சராசரி .190. ஒன்றை விட்டுவிடச் சொன்ன குரல்கள் திரும்ப வந்தன. 2021இல் ஏஞ்சல்ஸ் பழைய ஓய்வு நாள் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 46 ஹோம் ரன், 9 வெற்றி. வாக்களித்த அத்தனை பேரும் அவரையே லீகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவருக்காக மாறிய விதி

பழைய விதியில், பிட்சர் தானே பேட் பிடித்தால் அந்த அணிக்கு அன்றைக்கு டிஎச் கிடையாது. பந்து வீசி முடித்து அவரை வெளியே எடுத்தால் பேட்டிங் வரிசையிலிருந்தும் போய்விடுவார். 2022இல் இதைத் திருத்தினார்கள்: ஒரே ஆள் பிட்சராகவும் டிஎச்சாகவும் தொடங்கலாம், பந்துவீச்சை நிறுத்தினாலும் பேட்டராகத் தொடரலாம். 'ஓட்டானி விதி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதலில் சொன்ன அக்டோபர் ஆட்டத்தை இப்போது மறுபடி பாருங்கள். ஏழாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் இரண்டு பேரை பேஸில் ஏறவிட்டதும் அவரை பிட்சர் மேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றாவது ஹோம் ரன் அதற்கப்புறம் அடித்தது. பழைய விதியில் டிஎச்சாக அங்கே வந்து நிற்க அவருக்கு வழியில்லை.

70 கோடி, ஆனால் வருடத்துக்கு 20 லட்சம்

2023 செப்டம்பரில் முழங்கையில் இரண்டாவது பெரிய அறுவை சிகிச்சை. அடுத்த வருடம் முழுக்கப் பந்து வீச முடியாது என்று தெரிந்தே, டாட்ஜர்ஸ் அந்த டிசம்பரில் பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அதில் அவர் வருடாவருடம் வாங்குவது 20 லட்சம் மட்டும். மீதி 68 கோடியும் 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் கைக்கு வரும். ஏன் இப்படி?

1. அணிக்கு லாபம். இன்றைய பணமும் பத்து வருடம் கழித்து வரும் பணமும் ஒன்றல்ல. சம்பளச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் அணிகள் லீகுக்கு வரி கட்ட வேண்டும். தள்ளிப்போட்டதால் அந்தக் கணக்கில் ஓட்டானியின் சம்பளம் வருடத்துக்கு 7 கோடி அல்ல, சுமார் 4 கோடியே 60 லட்சம்தான். மிச்சத்தில் வேறு ஆட்டக்காரர்களை வாங்கலாம், வாங்கவும் செய்தார்கள்.

2. அவருக்கும் நஷ்டமில்லை. விளம்பர வருமானமே அவருக்குப் பல கோடி. 2034இல் அவர் கலிஃபோர்னியாவில் குடியிருக்காவிட்டால் அந்த மாநிலத்தின் கனத்த வருமான வரியும் தப்பலாம். மாநில அரசின் கணக்கு அதிகாரியே இந்த ஓட்டையை அடைக்கும்படி நாடாளுமன்றத்துக்குக் கோரிக்கை வைத்தார்.

பந்து வீசாத அந்த 2024இல் 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). ஒரே சீசனில் இரண்டிலும் 50ஐத் தாண்டியவர் வேறு யாருமில்லை. டாட்ஜர்ஸ் அந்த வருடமும் அடுத்த வருடமும் எம்எல்பியின் சாம்பியன் பட்டமான உலகத் தொடரை வென்றது. 2025 ஜூனில் மறுபடி பிட்சர் மேட்டில் ஏறியபோது முதல் நாள் ஒரே ஓர் இன்னிங்ஸ்தான் வீசினார், பிறகு ஒன்று, இரண்டு என்று மெதுவாகக் கூட்டினார்கள். சப்போரோ போலவே இங்கேயும் அவர் உடம்புக்குத் தக்கபடி அணிதான் அட்டவணையை வளைத்தது. ஒப்பந்தப்படி கடைசித் தவணை வரும் 2043இல் ஓட்டானிக்கு 49 வயது நிறையும்.